வூடி ஸ்ட்ரோட்: பின்வரிசையில் நின்ற நாயகன்

நாடகமாயினும் திரைப்படமாயினும், ஆட்டம் முடிந்து வீடு திரும்புவோரின் நாவில் நிற்பது கதாநாயகனின் பெயரே. அவனுக்குக் குதிரை பிடித்தவன் யார், அவனுடைய ஆயுதத்தை ஏந்தி நின்றவன் யார், அவனுக்காக மடிந்தவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் சில வேளைகளிற் காலம் இந்தக் கணக்கைத் திருத்தி எழுதுகின்றது. ஆண்டுகள் பல கழிந்தபின் பழைய படமொன்றை மீண்டும் பார்க்கின்றோம். நாயகனின் வீரவசனம் வெளிறிப்போகின்றது. மூலையில் ஒரு சொல்லும் பேசாது நின்றவனின் முகம் நம்மைப் பற்றிக்கொள்கின்றது. அமெரிக்க நடிகர் வூடி ஸ்ட்ரோட் அத்தகைய முகம் படைத்தவர்.

கௌபோய் படங்கள் என்று நம்மவர் பொதுவாக அழைக்கும் படங்களைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டுக்குப் பின், அமெரிக்காவின் மேற்கு நிலப்பரப்பில் மாடு மேய்த்தும் இரயிற் பாதை அமைத்தும் குடியேறியும் வாழ்ந்தவரின் கதைகளே அவை. அம்மாட்டுக்காரருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவராய் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர் சிலர் மதிப்பிட்டுள்ளனர். 1866இல் அமெரிக்க அரசு கறுப்பினப் போர்வீரரைக் கொண்டு ஒன்பதாம், பத்தாம் குதிரைப்படைகளை நிறுவி மேற்கு எல்லைக்கு அனுப்பியது. வரலாறு இவ்வாறிருக்க, ஹொலிவூட் காட்டிய மேற்கிலோ இம்மனிதரைக் காண்பது அரிதாயிருந்தது. சமையற்காரனாக, குதிரை லாயக்காரனாக, சிரிப்பூட்டும் வேலைக்காரனாக எங்கோ ஓரிடத்தில் ஒருவர் தோன்றி மறைவார். அந்த வெண்திரை பெயரளவில் மட்டும் வெண்திரையாய் இருக்கவில்லை. அதிற் குதிரையேறி நிமிர்ந்து வந்த முதல்வருள் ஒருவர் என்பதே ஸ்ட்ரோட்டின் சிறப்பு.

பிறப்பும் இளமையும்

வூடி ஸ்ட்ரோட் 1914ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். அப்பொழுது ஜனாதிபதியாயிருந்தவர் வூட்ரோ வில்சன். அவருடைய பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு இட்டனர். ஆபிரிக்க வழியினரும் அமெரிக்கப் பூர்வகுடியினரும் கலந்த குடும்பம் அது. தென்மாநிலமான லூசியானாவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைவிட்டு மேற்கே வந்து குடியேறிய அக்குடும்பத்தினர், அங்கு நிலவிய கொடுமையைக் கலிபோர்ணியாவில் அத்துணை காணமாட்டோம் என்று நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை பாதியே நிறைவேறியது எனலாம்.

பையன் ஆறடி நான்கு அங்குல உயரத்துக்கு வளர்ந்தான். ஓட்டம், பாய்ச்சல், எறிதல் ஆகிய பத்துப் போட்டிகளையும் ஒருங்கே கொண்ட டெகத்லன் என்னும் விளையாட்டிற் பயிற்சி பெற்றான். அவனுடைய உடலமைப்பைக் கண்டு வியந்த ஓவியர் ஹியூபர்ட் ஸ்டோவிட்ஸ், அமெரிக்க விளையாட்டு வீரரை வரைந்த தம் ஓவிய வரிசையில் அவனையும் சேர்த்துக்கொண்டார். 1936இல் பேர்லினில் ஒலிம்பிக் விழா நடந்தபோது அவ்வோவியங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. கறுப்பினத்தவரும் யூதரும் அவற்றில் இடம்பெற்றிருந்தமையால் நாசி ஆட்சியினர் கண்காட்சியை மூடச் செய்தனர். மூடப்பட்ட கதவொன்றின் முன் ஸ்ட்ரோட் நின்றது அதுவே முதன்முறையாகலாம், கடைசி முறையன்று.

பின்னர் அவர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1939ஆம் ஆண்டின் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியில் கெனி வாஷிங்டன், ஜக்கி றொபின்சன், ஸ்ட்ரோட் ஆகிய மூவரும் ஒன்றாக ஆடினர். இங்கு உதைபந்தாட்டம் என்பது நாம் ஆடும் ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். பெரும்பாலான பல்கலைக்கழக அணிகள் ஒரு கறுப்பின வீரரைச் சேர்க்கவும் தயங்கிய காலத்தில், இவ்வணி ஒரு தோல்வியுமின்றி அப்பருவத்தை முடித்தது. பருவத்தின் இறுதியாட்டத்தைக் காண ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர்.

ஆயினும் பட்டதாரியான ஒரு வெள்ளை ஆட்டக்காரனுக்குத் திறந்திருந்த தொழில்முறை ஆட்டத்தின் வாயில் இவர்களுக்குத் திறக்கவில்லை. தேசிய உதைபந்தாட்ட லீக்கில் 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு பருவங்களிலும் ஒரு கறுப்பின வீரர்தானும் ஆடியதில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இருக்கவில்லை; உரிமையாளர்களிடையே சொல்லாமற் சொல்லப்பட்ட உடன்பாடு ஒன்றே இருந்தது. எழுதாத சட்டத்தை எதிர்த்து வழக்காடுவது எழுதிய சட்டத்தை எதிர்ப்பதிலும் கடினம். ஸ்ட்ரோட் மேற்குக் கரையிலிருந்த சிறிய அணியில் ஆடினார். போர் வந்தபோது விமானப்படையிற் சேர்ந்து, பசிபிக் தீவுகளிற் குண்டுகளை இறக்கும் பணியிலும், நாட்டில் இருந்த காலத்தில் மார்ச் விமானத்தளத்தின் அணியில் ஆடும் பணியிலும் ஈடுபட்டார்.

மூடிய கதவு திறந்தது

1946இல் கிளீவ்லண்ட் நகரின் ராம்ஸ் அணி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. அங்குள்ள பெரிய மைதானம் பொதுமக்கள் பணத்தால் அமைந்தது. பொதுப்பணத்தில் எழுந்த மைதானத்தில் ஒரு சாராரை ஒதுக்கிவைக்கும் அணி ஆடலாமா என்று கறுப்பினப் பத்திரிகையாளர் கேள்வி எழுப்பினர். கேள்வி எளியது, விடை சொல்லாது தப்ப வழியில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ராம்ஸ் அணி கெனி வாஷிங்டனை ஒப்பந்தஞ்செய்தது. மே மாதத்தில் ஸ்ட்ரோட்டையும் சேர்த்துக்கொண்டது. ஜக்கி றொபின்சன் பேஸ்போல் ஆட்டத்தின் பெரிய லீக்கில் நிறத்தடையை உடைத்தது 1947இல். அதற்கு ஓராண்டு முன்னரே அவருடைய பழைய தோழர் இருவர் மற்றோர் ஆட்டத்தில் அதனைச் செய்துவிட்டனர் என்பது பலர் மறந்த செய்தி.

இவ்வெற்றியில் இனிப்பைவிடக் கசப்பே மிகுதி. ஸ்ட்ரோட்டுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. ஓர் ஆட்டக்காரனின் நல்ல ஆண்டுகள் கழிந்துபோயின. வாஷிங்டனுக்குப் பயணங்களில் ஒரு துணை வேண்டுமென்பதற்காகவே தம்மைச் சேர்த்தனர் என்று அவரே கருதினார். சிக்காகோ நகரில் அணியினர் தங்கிய ஹோட்டலில் இவ்விருவருக்கும் இடமளிக்கப்படவில்லை. ஒரே பருவத்தோடு ஸ்ட்ரோட்டின் தேசிய லீக் வாழ்வு முடிந்தது. சரித்திரம் படைத்தோம் என்ற பெருமிதத்தைவிட, காலங்கடந்து வந்த நீதியின் களைப்பே அவருள் எஞ்சிற்று. அவர் கனடா சென்று கல்கரி ஸ்டம்பீடர்ஸ் அணியிற் சேர்ந்தார். 1948இல் அவ்வணி ஒரு தோல்வியுமின்றி அந்நாட்டின் தலைக்கிண்ணமாகிய கிரே கிண்ணத்தை வென்றது. பின்னர் காயமுற்ற உடலோடு தொழில்முறை மல்யுத்தம் செய்து பிழைத்தார்.

உடலை வாங்கியவர்கள்

திரைப்படத்துக்கு ஸ்ட்ரோட் கலைத்தாகத்தால் வந்தவரல்லர். உயரமும் கட்டுமஸ்தும் கொண்ட கறுப்பின ஆடவன் ஒருவன் தேவைப்படும்போதெல்லாம் ஹொலிவூட் அவரை அழைத்தது. 1941இலேயே ஒரு படத்தில் அவர் தலைகாட்டினார். 1950களில் ஆபிரிக்கக் காட்டுக் கதைகளிற் பழங்குடித் தலைவனாகவும் காவலனாகவும் வந்தார். நம் நாட்டுச் சிறுவரும் சித்திரக்கதைகளில் அறிந்த மந்திரவாதி மாண்ட்ரேக்கின் துணைவன் லோதார் வேடத்தை 1954இல் தொலைக்காட்சிக்காக ஏற்றவர் இவரே. 1956இல் செசில் பி. டிமிலின் 'பத்துக் கட்டளைகள்' படத்தில் எத்தியோப்பிய மன்னனாக வந்தார். இவற்றுள் எதிலும் மனிதன் ஒருவனைக் காட்டவேண்டும் என்ற எண்ணம் படமெடுத்தோருக்கு இருக்கவில்லை. உருவம் போதுமாயிருந்தது, உள்ளம் வேண்டப்படவில்லை.

இந்நிலையை மாற்றியது 1960ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உணவுச்சாலை மேசைகளிற் கறுப்பின மாணவர்கள் அமைதியாக உட்கார்ந்து உரிமை கேட்ட ஆண்டு அது. அவ்வாண்டில் வெளிவந்த இரு படங்கள் ஸ்ட்ரோட்டை நிலைநிறுத்தின.

கொல்ல மறுத்த அடிமை

முதலில், மாதவரிசையிற் பிந்தியதாயினும், 'ஸ்பார்ட்டகஸ்' படத்தைக் கூறுவோம். இது மேற்கின் கதையன்று. ரோமாபுரியின் அடிமைக் கிளர்ச்சியைப் பற்றியது. ஸ்டான்லி குப்ரிக் நெறிப்படுத்தினார். கேர்க் டக்ளஸ் நாயகனாக நடித்தார். இதில் ஸ்ட்ரோட்டுக்குக் கிடைத்தது டிராபா என்னும் எத்தியோப்பிய வாட்போர் அடிமையின் வேடம். ஆரம்பத்தில் ஸ்பார்ட்டகஸ் நட்போடு பெயர் கேட்கின்றான். டிராபா நட்புக்கு இடங்கொடுக்க மறுக்கின்றான். நாளை ஒருவரையொருவர் கொல்லவேண்டி வரலாம் என்பதே காரணம்.

அந்த நாள் வருகின்றது. பொழுதுபோக்கு நாடி வந்த ரோமப் பிரபுக்களின் களிப்புக்காக இருவரும் களத்தில் விடப்படுகின்றனர். டிராபாவின் கையில் முத்தலைவேலும் வலையும். அவன் வெல்கின்றான், வேலின் முனை ஸ்பார்ட்டகஸின் தொண்டையில் நிற்கின்றது, மேலிருந்து கொல்லுமாறு கட்டளை பிறக்கின்றது. டிராபா நிமிர்ந்து பார்க்கின்றான். ஒரு சொல்லும் இல்லை. திடீரென்று வேலைப் பிரபுக்கள் இருந்த மேடையை நோக்கி எறிந்து, தானும் அதில் ஏறுகின்றான். காவலனின் ஈட்டி முதுகிற் பாய, லோரன்ஸ் ஒலிவியர் நடித்த கிராஸஸ் அவனுடைய கழுத்திற் கத்தியை இறக்குகின்றான். ஏனைய அடிமைகள் காணும்படி அவ்வுடல் தலைகீழாகத் தொங்கவிடப்படுகின்றது.

மூன்று மணி நேரப் படத்தில் டிராபா தோன்றுவது சில நிமிடங்களே. ஆயினும் அவனுடைய மறுப்பு இல்லையேல் பின்னால் வரும் கிளர்ச்சியே இல்லை. ஸ்பார்ட்டகஸ் தலைவனாவது, தன்னைக் கொல்லாது விட்ட ஒருவனின் சாவைப் பார்த்த பின்னரேயாகும். அந்த ஒரு பார்வையில், நடிப்புப் பள்ளி எதிலும் பயிலாத ஸ்ட்ரோட், ஓர் அடிமையின் முழு வாழ்வையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் கணத்தைக் காட்டினார். இவ்வேடத்துக்காக அவர் பெயர் கோல்டன் குளோப் துணை நடிகர் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

சார்ஜன்ட் ரட்லெஜ்

மற்றைய படம் 'சார்ஜன்ட் ரட்லெஜ்'. கௌபோய் படங்களின் தலைமகனாக மதிக்கப்பட்ட ஜோன் போர்ட் இதனை நெறிப்படுத்தினார். சிட்னி பொய்டியர், ஹரி பெலஃபொன்டே போன்ற புகழ்பெற்றவரையே படநிறுவனம் விரும்பிற்று என்றும், அவர்கள் போர்வீரனுக்குரிய முரட்டுத்தன்மை இல்லாதவர்கள் என்று கூறிப் போர்ட் தம்மை வற்புறுத்திச் சேர்த்தார் என்றும் ஸ்ட்ரோட் பிற்காலத்திற் குறிப்பிட்டுள்ளார்.

கதை 1881இல் நடக்கின்றது. ஒன்பதாம் குதிரைப்படையைச் சேர்ந்த பிராக்ஸ்டன் ரட்லெஜ் என்னும் கறுப்பின சார்ஜன்ட், தன் படைத்தலைவரைக் கொன்றான் என்றும் அவருடைய மகளை வன்புணர்ந்து கொன்றான் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டு இராணுவ நீதிமன்றின் முன் நிற்கின்றான். குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன்னரே நிறத்தைக் கண்டு தீர்ப்பெழுதிவிட்ட கூட்டம் மன்றில் நிறைந்திருக்கின்றது. ரட்லெஜ் காவலினின்று தப்பியோடியவன். வடக்கே போயிருந்தால் விடுதலை பெற்றிருப்பான். ஆனால் தன் படையினர் அப்பாச்சியரின் பதுங்குதாக்குதலில் அகப்படப்போவதை அறிந்து, அவர்களை எச்சரிக்கத் திரும்பி வருகின்றான். வந்தமையாலேயே மீண்டும் விலங்கிடப்படுகின்றான்.

ஏன் திரும்பினாய் என்று வழக்கறிஞர் குடைந்து கேட்கும்போது ரட்லெஜ் அளிக்கும் மறுமொழிதான் படத்தின் உயிர். அப்படையே தன் வீடு, தன் விடுதலை, தன் மானம் என்றும், அதைக் கைவிட்டோடினால் சேற்றில் ஓடி ஒளியும் அடிமையிலும் கீழானவன் ஆவேன் என்றும் பொருள்படக் கண்ணீரடக்கிக் கூறுகின்றான். அக்காட்சியில் ஸ்ட்ரோட்டின் குரல் உடைகின்றது. உடல் மட்டும் உடையாது நிற்கின்றது.

இன்னொரு காட்சியில் அவர் மொனியுமென்ட் பள்ளத்தாக்கின் செம்மலைகளின் கீழ்க் குதிரையில் விரைந்து ஆற்றைக் கடக்கின்றார். அதுகாறும் ஜோன் வெய்ன் போன்றோருக்கே உரியதாயிருந்த காட்சி அது. ஒரு கறுப்பின வீரன் அவ்வாறு மலையிறங்கி வருவதை மக்கள் அதற்குமுன் கண்டதில்லை என்றும், தம் இனத்தார் அனைவரையும் தாமே அவ்வாற்றைக் கடத்தியதாக உணர்ந்தார் என்றும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மிகைப்பட்ட சொல்லென்று தோன்றலாம். ஆயினும் பல பருவங்கள் மைதானத்தின் வாயிலில் நிறுத்திவைக்கப்பட்டவருக்கு அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை.

படத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. படத்தின் பெயரே அவருடைய பாத்திரத்தின் பெயர். எனினும் பெயர்ப்பட்டியலிலே வெள்ளை நடிகர்களின் பின்னரே அவர் பெயர் வந்தது. ரட்லெஜின் கதையைத் தொடர்ச்சியாக அவனே சொல்ல விடாமல், சாட்சிகள் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்லவே அவன் நம்முன் எழுகின்றான். அவனைக் காப்பதும் வெள்ளை அதிகாரி ஒருவரே. வசூலிலும் படம் பெருவெற்றி பெறவில்லை. இருந்தும் ஒன்பதாம் குதிரைப்படையை ஒரு பெரிய நெறியாளர் மரியாதையோடு படத்தின் நடுவில் வைத்தது புதுமையேயாகும்.

துப்பாக்கியை எறிந்த கை

போர்ட்டும் ஸ்ட்ரோட்டும் இதன்பின் நெருங்கிய நண்பராயினர். 1961இல் 'டூ ரோட் டுகெதர்' படத்தில் அவரைக் கொமாஞ்சிப் போர்வீரனாகப் போர்ட் நடிக்கவைத்தார். பூர்வகுடியினரின் வேடத்தைப் பூர்வகுடியினருக்கே கொடாத அக்கால வழக்கத்துக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. ஸ்ட்ரோட்டின் குருதியிற் பூர்வகுடிக் கலப்பு இருந்தது உண்மையே. அதை எண்ணியே அவ்வேடம் கொடுக்கப்பட்டது என்று சொல்லமுடியாது.

1962இல் வந்த 'த மான் ஹூ ஷொட் லிபர்ட்டி வலன்ஸ்' போர்ட்டின் பிற்காலப் படங்களுட் தலைசிறந்தது. லிபர்ட்டி வலன்ஸ் என்னும் கொடியவனைச் சுட்டவர் யார் என்பதே கதை. சட்டம் படித்த ஸ்டொடார்ட் என்பவரே சுட்டதாக ஊர் நம்புகின்றது. அப்புகழின் வலிமையால் அவர் செனட் சபை உறுப்பினராகின்றார். உண்மையிற் சுட்டவன் இருளில் மறைந்து நின்ற டொனிபன். முன்னவராக ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் பின்னவனாக ஜோன் வெய்னும் நடித்தனர். டொனிபனின் ஆளாகிய பொம்பியாக வந்தவர் ஸ்ட்ரோட்.

பொம்பியின் மூன்று காட்சிகளைக் கவனித்தல் தகும். முதலாவது, பள்ளிக்கூடக் காட்சி. எழுத்தறியாப் பெரியவரும் சிறுவரும் ஒன்றாயிருந்து படிக்கும் வகுப்பில், அமெரிக்க நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தை மனனஞ்செய்து ஒப்புவிக்கப் பொம்பி எழுகின்றான். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற இடம் வரும்போது அவனுடைய நா தடைப்படுகின்றது. ஆசிரியராகிய ஸ்டொடார்ட் அதனை எடுத்துக்கொடுத்து, அந்தப் பகுதியை மறப்பவர் பலர் என்று ஆறுதல் கூறுகின்றார். யார் மறந்தார், யாருக்கு நினைவூட்டவேண்டும் என்பதை விளக்கப் போர்ட் மேலும் ஒரு சொல் சேர்க்கவில்லை. சிறிது நேரத்தில் டொனிபன் வந்து, வேலையைப் பார் என்று பொம்பியை வகுப்பிலிருந்து எழுப்பிவிடுகின்றான். ஆசிரியப் பணியில் உள்ளோர் இக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்.

இரண்டாவது, கொலைக் காட்சி. டொனிபன் சுடுவதற்குமுன் அவனுடைய கைக்குத் துப்பாக்கியை எறிபவன் பொம்பி. ஆகவே ஊரறிந்த வீரனுக்குப் பின்னால் ஊரறியாத வீரன் ஒருவன் நிற்க, அவனுக்கும் பின்னால் இன்னொருவன் நிற்கின்றான். டொனிபனின் இரகசியத்தை ஈற்றில் நாம் அறிகின்றோம், படமே அதற்காகத்தான். பொம்பியின் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொய்ப்புகழைப் பற்றிய இக்கதை, தானும் அறியாமலோ அறிந்தோ, இன்னொரு மறதியையும் தன்னுள் வைத்திருக்கின்றது.

மூன்றாவது, சவப்பெட்டிக் காட்சி. ஏழையாக இறந்த டொனிபனின் பெட்டியருகே நரைத்த தலையோடு தனியே காத்திருப்பவன் பொம்பி மட்டுமே. செனட்டரும் மனைவியும் வந்து சேரும்வரை இறந்தவனுக்கு இருந்த உறவு அவனே. வசனம் ஒன்றிரண்டுதான். ஆனால் ஒரு நீண்ட வாழ்நாளின் விசுவாசமும் களைப்பும் அந்த அமர்விலேயே தெரிகின்றன.

படப்பிடிப்பின்போது ஜோன் வெய்னுக்கும் ஸ்ட்ரோட்டுக்குமிடையே கைகலப்பு நேரும் நிலை வந்ததென்று ஸ்ட்ரோட் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். உண்மையான உதைபந்தாட்ட வீரனும் போருக்குச் சென்றவனும் ஸ்ட்ரோட் என்று சொல்லிச் சொல்லிப் போர்ட் வெய்னைக் குத்திக்காட்டியதே அதற்கு வித்து. திரையில் வீரனாக வாழ்ந்தவர் போர்முனை காணாதவர். திரையில் ஏவலாளாக நின்றவர் படையிற் பணிபுரிந்தவர். இந்த முரணைப் போர்ட் நன்கறிந்திருந்தார்; அறிந்தும் பொம்பியை ஏவலாளாகவே வைத்தார். அவருடைய பெருமையும் எல்லையும் இதில் ஒருங்கே தோன்றுகின்றன. போர்ட்டின் கடைசிக் கதைப்படமாகிய 1966ஆம் ஆண்டின் 'செவன் விமின்' படத்தில் ஸ்ட்ரோட் மங்கோலியக் கொள்ளைக் கூட்டத்தினனாக வந்தார். ஆபிரிக்கர், கொமாஞ்சியர், மங்கோலியர் என வெள்ளையரல்லாத எல்லா இனத்தாருக்கும் ஓர் உடலே போதுமென ஹொலிவூட் கருதியமைக்கு இவருடைய வேடப்பட்டியலே சான்று.

கடல் கடந்த மதிப்பு

அதே 1966இல் றிச்சட் புரூக்ஸ் நெறிப்படுத்திய 'த புரொபெஷனல்ஸ்' வெளிவந்தது. மெக்சிக்கோவுக்குள் நுழைந்து ஒரு செல்வந்தரின் மனைவியை மீட்கக் கூலிக்கமர்ந்த நால்வரின் கதை அது. பேர்ட் லங்காஸ்டர், லீ மாவின், றொபர்ட் றயன் ஆகியோருடன் நான்காமவராக ஸ்ட்ரோட் நின்றார். அவர் ஏற்ற ஜேக், வில்லாளி, சுவடறிந்து வழிகாட்டுபவன். நிறத்தைப் பற்றிய பேச்சு ஆரம்பத்தில் ஒருமுறை எழுந்து அத்துடன் முடிகின்றது. அதன்பின் அவன் தன் தொழிலில் வல்லவன் என்பதே கணக்கு. ஏவலாளுமல்லன், தியாகியுமல்லன், மூவரோடு சமமாய் நிற்கும் நான்காமவன். அமெரிக்காவில் குடியுரிமைச் சட்டம் 1964இலும் வாக்குரிமைச் சட்டம் 1965இலும் நிறைவேறிய பின் வந்த படம் இது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

எனினும் அவருக்கு உரிய மதிப்பை முழுமையாக அளித்தது அமெரிக்காவன்று, இத்தாலி. 1968இல் சேர்ஜியோ லியோனியின் 'வன்ஸ் அப்போன் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தின் தொடக்கத்தில் அவர் வருகின்றார். பாழ்வெளியில் ஓர் இரயில் நிலையம். துப்பாக்கிக்காரர் மூவர் ஒருவனைக் கொல்லக் காத்திருக்கின்றனர். ஜக் எலம் முகத்தில் ஊரும் ஈயோடு மல்லாடுகின்றார். தண்ணீர்த் தொட்டியின் கீழ் நிற்கும் ஸ்ட்ரோட்டின் மொட்டைத் தலையில் நீர் சொட்டுகின்றது. அவர் விலகவில்லை; தொப்பியை எடுத்து அணிகின்றார். சொட்டுகள் தொப்பியின் விளிம்பிற் சேர்கின்றன. இரயில் வந்து, சண்டை நெருங்கும் வேளையில், தொப்பியைக் கழற்றி அந்நீரை நிதானமாகப் பருகுகின்றார். சற்றுநேரத்திற் சாகப்போகும் ஒருவனின் பொறுமை முழுவதும் இச்சிறு செயலில் அடங்கிவிட்டது.

லியோனி திரை நிறைய அம்முகத்தைக் காட்டினார். ஹொலிவூட்டில் இத்தகைய அண்மைக் காட்சி தமக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை என்று ஸ்ட்ரோட் வியந்தார். ஐம்பத்து நான்காம் வயதில், ஏறக்குறைய கால் நூற்றாண்டுத் தொழிலுக்குப் பின், ஒரு நடிகனின் முகத்தை நின்று பார்க்க ஒருவருக்கு நேரம் கிடைத்தது. அவ்வாண்டே இத்தாலிய நெறியாளர் வலேரியோ சுர்லினி, கொங்கோவின் தலைவர் பற்றிஸ் லுமும்பாவின் சாவைத் தழுவி எடுத்த படத்தில் அவரை நாயகனாக்கினார். சிறையிற் சித்திரவதைப்படும் விடுதலைத் தலைவனாக அதில் நடித்தார். பின் சில ஆண்டுகள் இத்தாலியப் படங்களே அவருக்குப் பிழைப்பளித்தன. அவற்றுட் பல சாதாரணமானவை. ஆயினும் 1976இல் வந்த 'கியோமா' படத்தில், விடுதலை கிடைத்தும் அதனை என்ன செய்வதென்றறியாது குடியில் மூழ்கிய முன்னாள் அடிமையாக அவர் தோன்றியது மனதை உருக்குவது.

இறுதிக் காலம்

ஸ்ட்ரோட் ஹவாயி அரச வழியினரான லுவானா என்னும் பெண்மணியை 1940இல் மணந்து, அவர் 1980இல் இறக்கும்வரை இல்லறம் நடத்தினார். ஜோன் போர்ட் 1973இல் மறையும்வரை அவரை ஒரு தந்தைபோல் மதித்து அடிக்கடி சென்று கண்டார். 1990இல் 'கோல் டஸ்ட்' என்னும் தம் சுயசரிதையை வெளியிட்டார். தலைப்பிலேயே அவருடைய பல்கலைக்கழக நாட்களின் மணம் உண்டு. அக்காலத்தில் அவருக்கும் கெனி வாஷிங்டனுக்கும் வழங்கிய பட்டப்பெயரை ஒட்டியது அது. 1992இல் அவர் பயின்ற பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர் கௌரவ வரிசையில் அவரைச் சேர்த்தது. 1993இல் மரியோ வன் பீபிள்ஸ் எடுத்த 'பொஸி' என்ற படத்தில், மறக்கப்பட்ட கறுப்பினக் குதிரைவீரரின் கதையைச் சொல்லும் முதியவராக வந்தார். முப்பது ஆண்டுகளுக்குமுன் கதையில் வாய் திறவாதிருந்த பொம்பியே முதுமையிற் கதைசொல்லியாக வந்ததுபோல இருந்தது அது.

1994ஆம் ஆண்டின் கடைசி நாளாகிய டிசெம்பர் 31இல், எண்பதாம் வயதில், நுரையீரற் புற்றுநோயால் ஸ்ட்ரோட் காலமானார். 1995இல் வெளியான 'த குவிக் அண்ட் த டெட்' என்ற படத்திற் சவப்பெட்டி செய்பவராக அவர் தோன்றினார்; படத்தை அவருக்கே காணிக்கையாக்கினர். அதே ஆண்டு இறுதியில் 'டோய் ஸ்டோரி' என்ற சிறுவர் படம் வெளிவந்தது. அதில் வரும் ஷெரிப் பொம்மையின் பெயர் வூடி. அப்பெயர் வூடி ஸ்ட்ரோட்டின் நினைவாகவே இடப்பட்டது. அப்பொம்மையைக் கட்டிக்கொண்டு உறங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளில் மிகச் சிலரே இதனை அறிவர். பெயர் எங்கும் பரவியது. பெயருக்கு உரியவர் மீண்டும் பின்வரிசையில் நின்றார்.

ஸ்ட்ரோட் பெரும் நடிகரா என்று கேட்பவர் உண்டு. குரலில் ஏற்ற இறக்கம் காட்டி, வேடத்துக்கு வேடம் ஆளே மாறிவிடும் வித்தை அவரிடம் இருக்கவில்லை. அவரும் அவ்வாறு உரிமை கொண்டாடவில்லை. அசையாது நிற்கவும், பேசாது பார்க்கவும் அவருக்குத் தெரியும். அமைதி என்பது சிலரிடம் வெறுமையாய் இருக்கும். இவரிடம் அது அடக்கிவைத்த சொல்லாய் இருந்தது. ஒரு நாட்டின் மைதானத்திலும் ஹோட்டலிலும் திரையிலும் மாறி மாறி வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர் கற்றுக்கொண்ட அமைதி அது.

கலிபோர்ணியாவிலுள்ள ரிவர்சைட் தேசிய மயானத்திற் போர்வீரர்களோடு அவர் அடக்கஞ்செய்யப்பட்டார். போர்க்காலத்தில் அவர் உதைபந்தாடிய மார்ச் விமானத்தளத்தின் நிலத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட மயானம் அது. திரைப்படச் சங்கங்களிற் பழைய படங்களைப் பார்க்கும் நம் மாணவர்கள் லிபர்ட்டி வலன்ஸின் கதையைக் காணும்போது, சுட்டவனைத் தேடுவதோடு நின்றுவிடாமல், துப்பாக்கியை எறிந்த கையையும் சற்றே கவனிப்பார்களாக.